சந்திரா ரீச்சர் கீறிய தரவை

கனடாவில், மோர்னிங்சைட்டில் அந்தப் பழைய மாடிக் கட்டடத்தில் இருந்த தமிழ்ச் சனத்துக்குச் சந்திரவதனா என்ற பெயர் தெரியாது. பாண் அன்ரி என்றால் தெரியும். ஒரு பெரிய பேக்கரியில் மாவு பிசையும் இயந்திரத்தடியில் அவளுக்கு வேலை. விலைப்படாத பாணையும் பணிசையும் பையில் போட்டுக்கொண்டு வந்து, லிஃப்டில் கண்டவர்களின் கையில் ஒன்றைத் திணித்துவிட்டுப் போவாள். பேச்சு அதிகம் இல்லை. ஊரில் அவள் சித்திர ரீச்சராக இருந்தவள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. பெற்ற மகள் யதுஷாவுக்கே அது அரைகுறையாகத்தான் தெரியும். சின்ன வகுப்பில் ஒரு நாள் யதுஷா, "அம்மா, ஒரு வீடு கீறித் தாங்கோ" என்று தாளை நீட்டினாள். "எனக்குக் கை வராது மகள்" என்று சொல்லிவிட்டுச் சந்திரவதனா அடுப்படிக்குள் போய்விட்டாள். அந்த வீட்டில் ஒரு வர்ணப்பெட்டி இருந்ததே இல்லை.

கணவன் எங்கே என்று கேட்பவர்களுக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "ஆமி சுட்டது." அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. அங்கே பாதி வீடுகளில் அதே பதில்தான்.

அந்த 2009ஆம் வருஷம் பனி விலகத் தொடங்கியதிலிருந்து யதுஷா வீட்டில் தங்கியது குறைவு. பல்கலைக்கழகத்தில் முதலாம் வருஷம். வகுப்பை விட்டுவிட்டு ஊர்வலம், மறியல், உண்ணாவிரதம் என்று தெருவிலேயே நின்றாள். தொண்டை கட்டிப்போய் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே சோபாவில் விழுந்து நித்திரையாவாள். சந்திரவதனா சப்பாத்தைக் கழற்றி, கால் விரல்களைத் தேய்த்துவிடுவாள். போகாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

மே மாதம் ஊரில் சண்டை முடிந்து, இயக்கம் அழிந்துவிட்டது என்று செய்தி வந்தது. மூன்றாம் மாடியில் இருந்த பெண்ணொருத்தி லிஃப்டுக்குள் நின்று, இரும்புச் சுவரில் தலையை முட்டி முட்டி இரத்தம் வரப்பண்ணிக்கொண்டாள். இரண்டு பேர் பிடித்தும் அடக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் ஒருவர் டீவியைத் தூக்கிப் பல்கனியால் எறிந்தார். அது கார் நிறுத்துமிடத்தில் விழுந்து சிதறிக் கிடந்தது, ஒருவரும் அள்ளவில்லை. யதுஷா சாப்பிட மறுத்தாள். சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, "அங்க ஆயிரக்கணக்கில சாகினம், நீங்கள் பாண் போடப் போறியள்" என்றாள். சந்திரவதனா கோப்பையை எடுத்துக் கழுவிவிட்டு வேலைக்குப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மில்லிக்கனில் ஒரு பிளாசாவுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். மண்ணின் படங்களையும் பொருட்களையும் சேர்த்து ஒரு கண்காட்சியும் வைத்திருந்தார்கள். யதுஷா தொண்டர். "அம்மா, நீங்களும் வாங்கோ. எல்லாரும் வருகினம். நீங்கள் மட்டும் வராட்டி என்ன நினைப்பினம்?" என்றாள். மட்டக்களப்பில் பிறந்த பிள்ளையின் வாயில் இப்போது யாழ்ப்பாணத் தமிழ். சந்திரவதனா வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு பஸ் ஏறிப் போனாள்.

மண்டபம் நிறையச் சனம். சுவர் முழுக்கப் புகைப்படங்கள். தறப்பாள் கூடாரம், பதுங்குகுழி, துணி மூடிய பிள்ளைகள். பார்ப்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு மெல்ல நகர்ந்தார்கள். அவளும் நகர்ந்தாள். மூலையில், அவ்வளவு இரத்தத்துக்கும் நடுவே, ஒரேயொரு நீர்வர்ண ஓவியம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. சனம் அதன் முன்னால் நின்று ஆறுதலாக ஒரு மூச்சு விட்டுவிட்டுப் போனது.

அது ஒரு தரவை, மாடு மேய்க்கிற திறந்த வெளி. மழைக்கு முந்திய வெளிர் வானம். இடுப்பளவு உயரத்தில் திட்டுத்திட்டாகக் காரைப் பற்றையும் சூரைப் பற்றையும். காய்ந்த புல்வெளி நடுவே வளைந்து போகும் மணல் வண்டிப் பாதை. வலது பக்கம் ஒற்றை விளா மரம், அதன் அருகே ஒரு தாழ்வு. தூரத்தில் காட்டின் விளிம்பு சாம்பல் கோடாகத் தெரிந்தது. மனிதர் இல்லை, ஒரு பறவைகூட இல்லை. கீழே ஒட்டியிருந்த துண்டில், "எங்கள் அமைதியான மண். 1996. வரைந்தவர்: பெயர் தெரியாத போராளி" என்று எழுதியிருந்தது.

சந்திரவதனா வானத்தைத்தான் பார்த்தாள். அந்த நீலத்தில் லேசாக ஓர் ஊதா ஓடியது. வர்ணப்பெட்டியில் நீலம் தீர்ந்துபோய், கடையிலும் இல்லாமல், வெள்ளை உடுப்புக்குப் போடுகிற சலவை நீலத்தைச் சிரட்டையில் கரைத்துப் பூசிய வானம் அது. பூசியவள் அவள்.

அவள் கதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த இடத்துக்குக் காரைவெட்டித் தரவை என்று பெயர். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், சந்திரவதனாவின் கணவன் இராஜரட்ணத்தின் குடும்பத்துக்கு அங்கே மாட்டுப் பட்டி இருந்தது. மாமனார் வீரக்குட்டியும் இராஜரட்ணமும் விடிய எழும்பிப் பால் கறந்து, மாடுகளைத் தரவைக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். சந்திரவதனா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தாள். பக்கத்து இராணுவ முகாமிலிருந்து ரோந்து வருகிற ஆமிக்காரர் வியாழக்கிழமைகளில் விளா மரத்தடியில் நின்று, பட்டிக்காரரிடம் தயிர் வாங்கித் தின்றுவிட்டுப் போவது வழக்கம். சிலவேளை காசு கொடுப்பார்கள், சிலவேளை கொடுக்கமாட்டார்கள். பட்டிக்காரரும் மறுப்பதில்லை. மறுத்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பகுதிக்கு இயக்கத்தின் பொறுப்பாளராகப் பத்மநாதன் என்ற ஒருவன் வந்திருந்தான். யாழ்ப்பாணத்தான். மெலிந்த ஆள், மரியாதையாகப் பேசுவான். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு வகுப்புக்குள் வந்து, பிள்ளைகளின் படங்களை எல்லாம் பார்த்துவிட்டு, "ரீச்சர், எங்களுக்கு ஒரு படம் கீறித் தரவேணும்" என்றான்.

"என்ன படம்?"

"தரவை. விளா மரத்தடியில இருந்து பார்த்தா எது தெரியும், பள்ளத்துக்குள்ள இருந்து பார்த்தா எது தெரியும், பற்றையள் எவ்வளவு உயரம் எண்டு எல்லாம் விளங்கவேணும். எங்கட பெடியள் அதில போய் நிண்டு பார்க்க ஏலாது. நீங்கள் நிண்டா ஆரும் ஒண்டும் நினையாங்கள்."

அவளுக்கு விளங்கிவிட்டது. "என்னால ஏலாது தம்பி" என்றாள்.

அவன் கோபப்படவில்லை. "உங்கட தம்பிக்குப் பதினெட்டாகுது என்ன ரீச்சர்? வீட்டுக்கு ஒராளைக் கேக்கிறம். உங்கட வீட்டில இருந்து ஆரும் இன்னும் வரேல்லை" என்றான்.

அவள் பிள்ளைகளின் படங்களைச் சேர்த்து அடுக்கினாள். கடைசியில், "பட்டிக்காரர் எல்லாம் அதிலதான் நிப்பாங்க. என்ட மாமா, என்ட மனிசன். அவங்கட கதி என்ன?" என்று கேட்டாள்.

"அவையளுக்கு முதல் நாளே சொல்லுவம். அண்டைக்குப் பட்டி வராது. அது என்ர பொறுப்பு" என்றான் பத்மநாதன். "மாட்டைக் கீற வேண்டாம், மறைக்கும்" என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

பள்ளிக்கூடத்துச் சித்திரப் பலகையையும் சிரட்டையில் தண்ணீரையும் கொண்டுபோய்த் தரவையில் இருந்து அவள் கீறினாள். ரோந்து வந்தது. ஓர் இளம் ஆமிக்காரன், மீசை சரியாக முளைக்காதவன், துவக்கை முதுகில் போட்டபடி அவளுக்குப் பின்னால் வந்து நின்றான். அவள் தூரிகையைச் சிரட்டைத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினாள். அவன் குந்தியிருந்து படத்தைப் பார்த்தான். "லஸ்ஸனாய் ரீச்சர்" என்றான், சிங்களத்தில் அழகாயிருக்கு என்று. படத்தில் இருந்த விளா மரத்தைக் காட்டி, கையைக் குவித்துத் தயிர் குடிப்பதுபோலச் செய்து சிரித்தான். சட்டைப் பையில் இருந்து இரண்டு பிஸ்கட்டை எடுத்துப் பலகையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனான்.

அன்றிரவு இராஜரட்ணத்துக்கு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். "நான் பட்டியைக் கொண்டு போகாம விட்டா ஆமியும் ஏன் எண்டு கேப்பான், இயக்கமும் ஏன் எண்டு கேக்கும். முதல் நாள் சொல்லுவாங்கதானே. அப்ப வீட்டில நிண்டுகொள்ளுவம்" என்றான்.

பத்மநாதன் படத்தை வாங்கிக்கொண்டு போனான். முதல் நாள் சொல்ல ஒருவரும் வரவில்லை. அடுத்த நாள் வியாழக்கிழமை.

வெடிச் சத்தம் கேட்டபோது அவள் வகுப்பில் நின்றாள். ஜன்னல் கண்ணாடி ஒன்று கழன்று விழுந்தது. பிள்ளைகள் மேசைக்குக் கீழே புகுந்தார்கள். பிறகு துவக்குச் சத்தம் சோளம் பொரிவதுபோலப் பொரிந்து நின்றது. திசையை வைத்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஓடப் போனவளை அதிபர் கதவடியில் கட்டிப்பிடித்து நிறுத்தினார். அவர் கையைக் கடித்துக்கூடப் பார்த்தாள், விடவில்லை. கொஞ்ச நேரத்தில் முகாமிலிருந்து வாகனங்கள் போகும் இரைச்சல் கேட்டது. அதன் பிறகு தொடங்கிய துவக்குச் சத்தம் நெடுநேரத்துக்கு ஓயவில்லை. தரவையிலிருந்து எழுந்த புகையில் பற்றை எரியும் மணத்தோடு மயிர் கருகும் மணமும் வந்தது.

மறுநாள் காலை பெண்களாகச் சேர்ந்துதான் போனார்கள். ஆண்கள் போனால் திரும்பமாட்டார்கள். தரவை முழுக்க மாடுகள். வயிறு ஊதிச் செத்தவை போக, கால் முறிந்து கிடந்தவை எழும்பப் பார்த்துக் கதறிக்கொண்டிருந்தன. ஒரு பசு தன் குடலையே மிதித்துக்கொண்டு நின்றது. விளா மரத்தின் ஒரு பக்கம் கருகியிருந்தது. அடியில் தயிர்ச் சட்டிகள் உடைந்து, தயிரும் இரத்தமும் கலந்து காய்ந்து, அதன்மேல் இலையான் மொய்த்தது. ஆமி தன் ஆட்களை அள்ளிக்கொண்டு போயிருந்தது. மற்றவர்களை அப்படியே விட்டிருந்தது.

வீரக்குட்டி குப்புறக் கிடந்தார். அவருக்கு முதுகில் துவக்குச் சூடு. அவரைப் புரட்டியபோதுதான் அடியில் இராஜரட்ணம் கிடந்தது தெரிந்தது. கிழவன் மகனைத் தன் உடம்பால் மூடிக்கொண்டு கிடந்திருக்கிறார். இராஜரட்ணத்துக்கு நெற்றியில் ஒரு சூடு. அது ஆமி சுட்டது. ஆனால் அவனுடைய இரண்டு முழங்காலும் இல்லை. கிழிந்த சதைக்குள் சின்னச் சின்ன உருக்கு மணிகள் பதிந்திருந்தன. கிளைமோர்க் கண்ணிவெடிக்குள் அடைக்கிற மணிகள். அவள்தான் உடம்பைக் கழுவினாள். கழுவக் கழுவ மணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று தட்டத்தில் விழுந்தன. சூடு பிறகு வந்தது. முதலில் வந்தது இதுதான். இது வராவிட்டால் அவன் ஓடியிருப்பான், கிழவனும் ஓடியிருப்பார்.

தப்பி வந்த பட்டிக்காரர் ஒருவர் சொன்னார், "ஒருத்தரும் எங்களுக்கு ஒண்டும் சொல்லல்ல பிள்ள."

பத்மநாதனை அந்தப் பக்கம் பிறகு யாரும் காணவில்லை. வடக்குக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். தம்பியை அவள் நகையை எல்லாம் விற்று வெளிநாட்டுக்கு அனுப்பினாள். அந்தத் தம்பிதான் பின்னாளில் அவளையும் எட்டு வயது யதுஷாவையும் கனடாவுக்கு எடுத்தான். இப்போது கல்கரியில் குடும்பமாக இருக்கிறான். அவள் தூரிகையைப் பிறகு தொடவே இல்லை.

மண்டபத்தில் ஒலிவாங்கி முன்னால் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். உடம்பு வைத்துவிட்டது, தலை நரைத்துவிட்டது. ஆனால் அந்த நிதானமான குரல் மாறவில்லை. பக்கத்தில் நின்ற பெண் சொன்னாள், "பத்மநாதன் அங்கிள். டிரைவிங் ஸ்கூல் வைச்சிருக்கிறார். எங்கட சனத்தில பாதிப் பேருக்கு அவர்தான் கார் பழக்கினவர்." இவ்வளவு வருஷமும் அவன் இந்த ஊரில்தான் இருந்திருக்கிறான்.

பேச்சு முடிந்து, சனம் தேநீர்ப் பக்கம் நகரும்வரை அவள் படத்தடியிலேயே நின்றாள். அவர் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார்.

"பத்மநாதன்" என்றாள்.

அவர் உற்றுப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல மாறியது. "சந்திரா ரீச்சரே? நீங்கள் இஞ்சையோ இருக்கிறியள்?" கண் கலங்கிவிட்டது அவருக்கு. "பாருங்கோ, உங்கட படம். வன்னிக்குள்ள, கொழும்பில, எல்லா இடமும் பைப்புக்குள்ள சுருட்டிக் கொண்டு திரிஞ்சனான். ஊர் எண்டு பார்க்க என்னட்ட வேற ஒண்டும் இருக்கேல்லை."

"பட்டிக்காரருக்கு ஆரு போய்ச் சொன்னது?"

"என்ன ரீச்சர்?"

"முதல் நாளே சொல்லுவம் எண்டீங்க. உங்கட பொறுப்பு எண்டீங்க. ஆரு போனது?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "ரீச்சர், இப்ப உது கதைக்கிற நேரமே? அங்க எங்கட சனம் முழுக்க அழிஞ்சு போய்க் கிடக்கு."

"எனக்கு இதுதான் நேரம். பதின்மூண்டு வருஷமா இந்த ஒண்டைத்தான் கேக்கவேணும் எண்டு இருந்தன். ஆள் அனுப்ப மறந்துட்டீங்களா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். தடுமாறவில்லை. கார் பழகுகிறவருக்கு எந்த இடத்தில் திருப்பவேண்டும் என்று சொல்வதுபோல ஆறுதலாகச் சொன்னார். "மறக்கேல்லை ரீச்சர். பட்டி வராட்டி அவங்கள் மரத்தடியில நிக்கமாட்டாங்கள். தயிர்ச் சட்டியைக் கண்டாத்தான் துவக்கைக் கீழ வைப்பாங்கள். பட்டி வரத்தான் வேணும். ஒராள் முடிவெடுக்க வேணும், நான் எடுத்தனான். அண்டைக்கு எங்களுக்கு அது பெரிய வெற்றி."

சந்திரவதனா திரும்பிப் படத்தை ஆணியிலிருந்து தூக்கினாள். பாரமான மரச் சட்டம். மாவு மூட்டை தூக்கிப் பழகிய கைகள் அவளுக்கு. இரண்டு கையாலும் உயர்த்தி, சட்டத்தின் மூலையால் அவர் முகத்தில் அடித்தாள். அவர் பின்னால் சாய முன்னமே இரண்டாம் முறை. கண்ணாடி உடைந்து, புருவத்திலிருந்து தாடைவரை கீறிக்கொண்டு போனது. இரத்தம் அவர் வெள்ளைச் சட்டையில் வழிந்து, படத்தின்மேலும் கொட்டியது. அவர் முழங்கால் மடங்கி விழுந்தார். மூன்றாம் முறை ஓங்கியவளைப் பின்னாலிருந்து யாரோ பிடித்தார்கள்.

"பிடியுங்கோ, விடாதேங்கோ. துரோகி ஒண்டு உள்ளுக்க வந்திட்டுது" என்று கூட்டத்துக்குள் ஒரு குரல் கத்தியது.

கறுப்பு டீசேர்ட் போட்ட ஒரு பெடியன் அவளுடைய வலது கையைப் பின்னால் முறுக்கினான். மணிக்கட்டில் சுள்ளி முறிவதுபோல ஒரு சத்தம். முன்பின் தெரியாத பெண்ணொருத்தி வந்து கன்னத்தில் அறைந்து, முகத்தில் துப்பினாள். யாரோ தலைமயிரைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு வாரமாக அழுது அழுது வெடிக்கக் காத்திருந்த சனம், அடிக்க ஓர் ஆள் கிடைத்ததும் அவள்மேல் பாய்ந்தது.

தேநீர்க் கோப்பைகளோடு வந்த யதுஷா முதலில் யாரையோ அடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். பிறகு வெள்ளைச் சேலையைக் கண்டாள். கோப்பைகளைப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தூக்கி அந்தப் பெடியனின் முதுகில் அடித்தாள். அவன் அவளோடு ஒன்றாக ஊர்வலத்தில் நடந்தவன். "அது என்ர அம்மா. அது என்ர அம்மாடா" என்று கத்திக் கத்தி, கதிரையின் கால் முறியும்வரை அடித்தாள்.

"விடுங்கோ அவவை" என்று பத்மநாதன் தரையில் இருந்தபடி சொன்னார். அவர் சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

பிளாசாவில் பீட்சாக் கடை வைத்திருந்தவர் பொலிஸுக்குப் போன் அடித்துவிட்டார். ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு பேர் வந்தார்கள். பத்மநாதன் துவாயால் முகத்தைப் பொத்திக்கொண்டு, படத்தைக் கழற்றும்போது தவறி விழுந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னார். சுற்றி நின்றவர்கள் ஓமோம் என்று தலையாட்டினார்கள். அந்த நேரத்தில் மண்டபத்துக்குள் பொலிஸ் கிளறுவதை யாரும் விரும்பவில்லை. பெண் பொலிஸ் நம்பாவிட்டாலும் போகத் தயாரானாள்.

அவ்வளவு ஆங்கிலம் சந்திரவதனாவுக்கு விளங்கும். "நோ. ஐ ஹிட் ஹிம்" என்றாள்.

மண்டபத்துச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போய் இருத்தினார்கள். பேசவேண்டிய கட்டாயம் இல்லை, வக்கீலைக் கூப்பிடலாம், மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் கூப்பிடலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். சந்திரவதனா வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, "வேற ஆரும் வேணாம். இவளே சொல்லட்டும்" என்று மகளைக் காட்டினாள்.

அப்படித்தான் யதுஷா தன் தகப்பன் செத்த கதையைக் கேட்டாள். தாய் ஒரு வசனம் தமிழில் சொல்வாள், மகள் அதை ஆங்கிலத்தில் சொல்வாள். படம் கேட்டு வந்தவனை, தம்பியைக் காட்டி மிரட்டியதை, முதல் நாளே சொல்லுவம் என்ற வார்த்தையை எல்லாம் யதுஷா தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

"அப்பாட ரெண்டு முழங்காலும் இல்ல மகள். கிளைமோர் அடிச்சது" என்றாள் தாய்.

யதுஷா நிறுத்திவிட்டாள். பெண் பொலிஸ் பேனாவோடு காத்திருந்தாள். "ஆமிதானே அப்பாவைச் சுட்டது? நீங்கள் அப்பிடித்தானே சொன்னனீங்கள்?" என்று யதுஷா தமிழில் கேட்டாள்.

"சுட்டது ஆமிதான். அதுக்கு முதல் காலை எடுத்தது இவங்க. எடுத்தபடியாலதான் ஓட ஏலாமக் கிடந்து சுடுபட்டவர். அப்பப்பாவும் விட்டிட்டு ஓடல்ல."

"கிளைமோர் ஆர் வைச்சது?"

"அங்க துவாயால மூஞ்சியைப் பொத்திக்கொண்டு நிக்கிறவர். பட்டிக்காரருக்குச் சொல்லாம வைச்சவர். இப்பதான் அவர்ட வாயால கேட்டன்."

யதுஷா எழும்பிக் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். திரும்பி வந்து இருந்து, தாய் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். தன் அப்பா என்று சொல்லாமல், அவருடைய கணவன் என்று சொன்னாள். அப்படிச் சொன்னால்தான் அவளால் சொல்ல முடிந்தது.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பிளாஸ்டர்க் கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, டாக்ஸிக்குள் யதுஷா கேட்டாள். "ஏனம்மா எனக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா இந்த மாதம் முழுக்க நீ ஆரோட நிண்டு அழுதிருப்பாய்?"

வீடு வந்ததும் யதுஷா டாக்ஸிக்குக் காசைக் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

தாக்கிக் காயப்படுத்திய குற்றம் என்று வழக்குப் பதிவானது. பேக்கரி வேலைக்கு அந்தக் கையோடு போக முடியவில்லை. கோடை முழுவதும் வீட்டிலேயே இருந்தாள். பெயர் சொல்லாதவர்கள் போனில் அழைத்துத் தூஷணம் பேசினார்கள். ஒரு காலை, கதவு முழுக்க முட்டை அடித்திருந்தது. பாண் வாங்கித் தின்றவர்கள் லிஃப்டில் அவளைக் கண்டால் அடுத்த லிஃப்டுக்கு நின்றார்கள். யதுஷாவைப் பஸ் தரிப்பில் இரண்டு பெண் பிள்ளைகள் மறித்து, காசுக்கு விலைபோன குடும்பம் என்று சொல்லப்போக, அவள் ஒருத்தியின் மூக்கை உடைத்துவிட்டு, தானும் உதடு கிழிந்து வந்தாள். ஆனால் ஊர்வலத்தில் பிடித்துப் பிறகு அறையில் மாட்டியிருந்த இயக்கக் கொடியை அவள் கழற்றவில்லை. கழற்றச் சொல்லித் தாயும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் வெவ்வேறாகத் துக்கம் காத்தார்கள்.

இலை உதிர்கிற காலத்தில் வழக்குக் கூப்பிட்டார்கள். பத்மநாதன் தனியாக வந்திருந்தார். புருவத்திலிருந்து தாடைவரை தழும்பு ஒரு கயிறுபோலக் கிடந்தது. தனக்கு வழக்கு வேண்டாம் என்று அரசாங்க வக்கீலிடம் சொன்னார். ஒரு வருஷத்துக்கு அவர் பக்கம் போகமாட்டேன் என்று சந்திரவதனாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

வெளி விறாந்தையில் அவர் கிட்ட வந்தார். யதுஷா குறுக்கே வந்து நின்றாள். அவர் அவளுக்கு மேலால் பார்த்துச் சொன்னார். "ரீச்சர், என்ர தம்பியும் அண்டைக்கு அதிலதான் முடிஞ்சவன். விளா மரத்துப் பள்ளத்துக்குள்ள. பத்தொன்பது வயது. அதுக்காகத்தான் படத்தை விடாம வைச்சிருந்தனான். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

சந்திரவதனாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் அந்தத் தழும்பைப் பார்த்தாள். "உங்கட தம்பிக்குச் சொல்லித்தானே அனுப்பினீங்க?" என்று கேட்டாள்.

அவர் மின்படிக்கட்டில் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவள் அவரைக் காணவில்லை.

படத்தைப் பொலிஸ் சாட்சிப் பொருளாக எடுத்திருந்தது. கீறியவருக்கே கொடுத்துவிடுங்கள் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தாராம். தடித்த காகிதப் பைக்குள் அது வீட்டுக்கு வந்தது. கண்ணாடி கீறிய தடங்கள் வானத்தில். அவருடைய இரத்தம் பாதையின்மேல் விழுந்து மண்நிறமாகக் காய்ந்திருந்தது. சந்திரவதனா அதைப் பையோடு அலுமாரிக்குப் பின்னால் வைத்தாள். எரிக்கத்தான் நினைத்திருந்தாள். நெருப்புப் பெட்டியைக் கையில் எடுத்தும் இருக்கிறாள்.

மார்கழியில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், கதவைத் தட்டிச் சத்தம் கேட்டது. பெரிய குளிர்ச்சட்டைக்குள் ஒரு கட்டையான பெண். "என்னை ஞாபகம் இருக்கா ரீச்சர்? குணவதி. கீழப் பட்டியில இருந்த ஆக்கள்" என்றாள். அவளுடைய புருஷனும் அன்று தரவையில் செத்த பட்டிக்காரர்களில் ஒருவன். அவள் உடம்பை எடுக்கப் போன நேரம் ஏழு மாதக் கர்ப்பிணி. மகனோடு மார்க்கம் நகரில் வந்து இருக்கிறாளாம். மண்டபத்தில் நடந்ததை யாரோ கூடாத கதையாகச் சொல்லக் கேட்டு, விலாசம் விசாரித்து வந்திருக்கிறாள்.

தேநீரைத் தொடாமல், "அந்தப் படம் இருக்கா?" என்று கேட்டாள்.

சந்திரவதனா எடுத்து மேசையில் விரித்தாள். குணவதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். கனநேரம் பார்த்தாள்.

"ஒரு மாடும் இல்லையே" என்றாள்.

"கீற வேணாம் எண்டவன்."

குணவதி தலையை ஆட்டினாள். பிறகு பாதை வளைகிற இடத்தில் ஒரு சூரைப் பற்றையைத் தொட்டாள். "இதுக்குள்ளதான் கிடந்தவர். இந்தப் பத்தைக்குள்ள. கூட்டுக்குள்ள பூந்த முயல் மாதிரிப் பூந்து, உள்ளுக்கே எரிஞ்சு போயிருந்தார். கைக்காப்பை வைச்சுத்தான் ஆளை மட்டிட்டன்." சொல்லிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்து, பெருங்குரலெடுத்து ஒப்பாரி வைத்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு குரல் அதுவரை எழும்பியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார்கள். சந்திரவதனா அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு அவளும் அழத் தொடங்கினாள்.

அறைக்குள்ளிருந்து வந்த யதுஷா கதவடியில் நின்றாள். அழுகை ஓய்ந்த பிறகு மேசைக்கு வந்து, "அப்பா எங்க?" என்று கேட்டாள்.

சந்திரவதனாவின் வலது மணிக்கட்டு கோணலாகத்தான் பொருந்தியிருந்தது, நேராகச் சுட்ட வராது. அவள் மகளுடைய விரலைப் பிடித்து, விளா மரத்துக்கு இடது பக்கம், நிழல் முடிகிற இடத்தில் வைத்தாள். "இதில. தலை இந்தப் பக்கம். அப்பப்பா அவருக்கு மேல."

"இல்ல ரீச்சர், கொஞ்சம் தள்ளி" என்றாள் குணவதி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அதில ஒரு புத்து இருந்தது. புத்துக்கு இஞ்சால."

"புத்து மரத்துக்குப் பின்னால."

"முன்னால. நான் தடுக்கி விழுந்தனான்."

இரண்டு பேரும் படத்தின்மேல் குனிந்து, அந்தப் புற்று எங்கே இருந்தது என்று விவாதிக்கத் தொடங்கினார்கள். யதுஷா விரலை எடுக்காமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.